செஸ்டர் கார்ல்சன்

செஸ்டர் ஃபுளோய்ட் கார்ல்சன் (பெப்ரவரி 8, 1906 – செப்டம்பர் 19, 1968) ஓர் அமெரிக்க இயற்பியலாளர், கண்டுபிடிப்பாளர், காப்புரிமை வழக்கறிஞர் ஆவார். இன்று ஜெராக்ஸ் என்ற பெயரில் அனைவரும் அறிந்துள்ள உலர்நகல் முறையைக் கண்டுபிடித்தவர் இவரே. எந்தப் பெரிய நிறுவனத்தின் ஆய்வுக்கூட உதவியும் இன்றி, தம் வீட்டுச் சமையலறையிலும் ஒரு வாடகை அறையிலும் சொந்தப் பணத்தைச் செலவிட்டு இவர் இதனை உருவாக்கினார். 1938ஆம் ஆண்டு முதல் நகலை எடுத்த பின்னர், அதனைப் பயன்படுத்தும் முழுத் தானியங்கி இயந்திரம் சந்தைக்கு வர 21 ஆண்டுகள் ஆயின. இக்கண்டுபிடிப்பால் பெருஞ்செல்வம் பெற்ற கார்ல்சன், அதன் பெரும்பகுதியைத் தம் வாழ்நாளிலேயே, பெரும்பாலும் பெயர் வெளியிடாமல், அறப்பணிகளுக்கு வழங்கினார்.

இளமைக்காலம்

கார்ல்சன் ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள சியாட்டில் நகரில் பிறந்தார். தந்தையின் முன்னோர் சுவீடன் நாட்டிலிருந்து குடியேறியவர்கள். தந்தை ஓலாஃப் அடோல்ஃப் கார்ல்சன் முடிதிருத்துநராகப் பணியாற்றியவர். காசநோயும் முதுகெலும்பு மூட்டுவாதமும் அவரை இளவயதிலேயே முடக்கின. நல்ல தட்பவெப்பத்தையும் பிழைப்பையும் தேடிக் குடும்பம் ஊர் ஊராக இடம் பெயர்ந்தது. 1910இல் நிலம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மெக்சிகோவுக்குச் சென்று, ஏமாற்றமடைந்து சில மாதங்களிலேயே திரும்பினர். அங்கு தாய் எல்லன் மலேரியா நோய்க்கு ஆளானார். பின்னர் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ பகுதியில் குடியமர்ந்தனர்.

குடும்பத்தின் வறுமை காரணமாகக் கார்ல்சன் 8 வயதிலேயே சிறு சிறு வேலைகளுக்குச் செல்லத் தொடங்கினார். 13 வயதில் பள்ளி தொடங்குமுன் இரண்டு மூன்று மணி நேரமும், பள்ளி முடிந்த பின்னர் மீண்டும் வேலை செய்தார். உயர்நிலைப் பள்ளியில் பயின்ற காலத்தில் குடும்பத்தின் முதன்மையான வருவாய் அவருடையதாகவே இருந்தது. அவருக்கு 17 வயதானபோது தாய் காசநோயால் இறந்தார். தந்தை 1933இல் காலமானார்.

எழுத்தையும் அச்சையும் குறித்த ஆர்வம் அவரிடம் சிறுவயதிலேயே காணப்பட்டது. 10 வயதில் இரப்பர் எழுத்து முத்திரைகளைக் கொண்டு ஒரு சிறு செய்தித்தாளை உருவாக்கி நண்பர்களிடையே சுற்றுக்கு விட்டார். பின்னர் ஓர் அச்சகத்தில் வேலை செய்து, அந்த உழைப்புக்கு ஈடாக ஒரு பழைய அச்சுப்பொறியைப் பெற்று, அறிவியலில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கான இதழ் ஒன்றைச் சில காலம் வெளியிட்டார். ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கையால் கோத்து ஒரு பக்கத்தை உருவாக்குவது எவ்வளவு கடினம் என்பதை அப்போது நேரடியாக உணர்ந்தார். எழுதியதை எளிதில் பல படிகளாக்கும் வழி உண்டா என்ற எண்ணம் அக்காலத்திலேயே தோன்றியதாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்.

கல்வியும் முதல் பணிகளும்

கார்ல்சன் ரிவர்சைட் இளநிலைக் கல்லூரியில் சேர்ந்தார். ஆறு வாரம் படிப்பு, ஆறு வாரம் வேலை என மாறி மாறி அமைந்திருந்த கல்வித் திட்டம் அவருடைய குடும்ப நிலைக்கு ஏற்றதாக இருந்தது. முதலில் வேதியியலைத் தேர்ந்தெடுத்தவர் பின்னர் இயற்பியலுக்கு மாறினார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்து 1930இல் இயற்பியலில் இளநிலைப் பட்டம் பெற்றார்.

அது உலகப் பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியிருந்த காலம். பட்டம் பெற்றபோது அவருக்கு ஏறத்தாழ 1,500 டாலர் கடன் இருந்தது. 82 நிறுவனங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினார். ஒன்றிலிருந்தும் வேலை கிடைக்கவில்லை. இறுதியில் நியூயார்க்கில் உள்ள பெல் தொலைபேசி ஆய்வகங்களில் ஆய்வுப் பொறியாளராக இடம் கிடைத்தது. அவ்வேலை அவருக்குச் சலிப்பூட்டவே, ஓராண்டில் அந்நிறுவனத்தின் காப்புரிமைத் துறைக்கு மாற்றல் பெற்றார்.

பெல் ஆய்வகங்களில் இருந்தபோது தம் குறிப்பேடுகளில் 400க்கும் மேற்பட்ட கண்டுபிடிப்பு எண்ணங்களை எழுதி வைத்தார். அவை பல துறைகளைச் சார்ந்தவை. மழைநீர் காற்சட்டையில் வழியாதபடி ஓரங்களில் வடிகால் வைத்த மழைக்கோட்டு, நார்களை மட்டும் மாற்றிக்கொள்ளக்கூடிய பல்துலக்கி போன்றவை அவற்றுள் சில. இவற்றுக்கிடையே அவர் மனம் நகலெடுக்கும் முறையையே திரும்பத் திரும்ப நாடியது.

1933இல் பெல் ஆய்வகங்கள் அவரைப் பணிநீக்கம் செய்தன. ஆறு வாரத் தேடலுக்குப் பின் வால் ஸ்ட்ரீட் அருகே ஒரு காப்புரிமைச் சட்ட நிறுவனத்தில் வேலை கிடைத்தது. ஓராண்டுக்குப் பின் மின்னுறுப்புகள் தயாரிக்கும் பி. ஆர். மல்லோரி நிறுவனத்தின் காப்புரிமைத் துறையில் சேர்ந்து, பின்னர் அத்துறையின் தலைவராக உயர்ந்தார். 1934இல் எல்சா வான் மல்லோன் என்பவரை மணந்தார்.

நகலெடுக்கும் சிக்கல்

ஒரு காப்புரிமை விண்ணப்பத்துக்கு அதன் விவர உரையும் வரைபடங்களும் பல படிகள் தேவைப்படும். அக்காலத்தில் உரையைத் தட்டச்சு செய்யும்போதே கரிப்படித் தாள்களை இடையில் வைத்துச் சில படிகள் எடுப்பர். கடைசிப் படிகள் மங்கலாக இருக்கும். ஒரு பிழை நேர்ந்தால் எல்லாப் படிகளிலும் திருத்த வேண்டும். கூடுதலாகப் படிகள் தேவைப்பட்டால் முழுவதையும் மீண்டும் தட்டச்சு செய்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். வரைபடங்களையோ ஒளிப்படம் எடுப்பவரிடம் அனுப்ப வேண்டியிருந்தது. அது காலமும் செலவும் மிகுந்த வேலை. மெழுகுத்தாளில் எழுத்துக்களைத் துளையிட்டு மை உருட்டும் படிப்பெருக்கிகள் அன்றும் இருந்தன. ஆனால் அவற்றுக்குப் புதிதாக ஒரு மூலத்தாளை உருவாக்க வேண்டும். ஏற்கனவே உள்ள ஓர் ஆவணத்தை அப்படியே வைத்து நொடிகளில் படியெடுக்கும் கருவி எதுவும் அலுவலகங்களில் இல்லை.

1936இல் கார்ல்சன் நியூயார்க் சட்டப் பள்ளியில் மாலை நேர வகுப்புகளில் சேர்ந்தார். சட்ட நூல்களை விலைக்கு வாங்க இயலாததால் நியூயார்க் பொது நூலகத்தில் அமர்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதிக்கொண்டார். தந்தையைப் போலவே அவருக்கும் முதுகெலும்பு மூட்டுவாதம் தொடங்கியிருந்ததால் இவ்வேலை பெரும் வேதனையைத் தந்தது. பகலில் அலுவலகத்திலும் மாலையில் நூலகத்திலும் ஒரே சிக்கலை எதிர்கொண்டது அவருடைய தேடலை விரைவுபடுத்தியது. 1939இல் சட்டப் பட்டம் பெற்றார்.

கண்டுபிடிப்பு

ஒளிப்பட முறையில் வேதிப்பொருள்களைக் கொண்டு நகலெடுக்கும் வழிகளைப் பெரிய நிறுவனங்கள் ஏற்கனவே ஆராய்ந்து வந்தன என்பதைக் கார்ல்சன் அறிந்திருந்தார். எனவே அவ்வழியை விடுத்து, ஒளி படும்போது மின்பண்பு மாறும் பொருள்களின்பால் கவனம் செலுத்தினார். காப்பிடும் பரப்பில் உள்ள மின்னூட்டம் நுண்தூளைக் கவர்ந்து உருவங்களைக் காட்டும் என்பதை செருமானிய அறிவியலாளர் லிச்டன்பெர்க் 1777இலேயே கண்டறிந்திருந்தார். அங்கேரிய இயற்பியலாளர் பால் செலேனி, மின்னேற்றப்பட்ட துகள்களைக் கொண்டு உருளையின் மீது உருவம் வரைந்து தூளால் அதைக் காணச்செய்யும் முறை குறித்து எழுதியிருந்தார். நூலகத்தில் இதைப் படித்த கார்ல்சன், உருவத்தைப் புள்ளி புள்ளியாக வரைவதற்குப் பதில் ஒளியைக் கொண்டு முழுப்பக்கத்தையும் ஒரே வீச்சில் பதிக்கலாம் என்று கருதினார்.

அவர் எண்ணம் பின்வருமாறு அமைந்தது. இருளில் மின்கடத்தாமலும் ஒளி பட்டால் மின்கடத்தியாகவும் மாறும் பொருள் ஒளிக்கடத்தி எனப்படும். ஓர் உலோகத் தகட்டின் மேல் ஒளிக்கடத்திப் பூச்சிட்டு, இருளில் அதன் பரப்பு முழுவதும் நிலைமின்னூட்டம் ஏற்ற வேண்டும். பின்னர் ஆவணத்தின் உருவத்தை அதன் மேல் ஒளியால் வீழ்த்த வேண்டும். வெள்ளைப் பகுதிகளிலிருந்து ஒளி வந்து படும் இடங்களில் மின்னூட்டம் தகட்டுக்குள் இறங்கி நீங்கிவிடும். கருநிற எழுத்துக்களுக்கு உரிய இடங்களில் மட்டும் அது எஞ்சி நிற்கும். இப்பொழுது நுண்ணிய தூளைத் தூவினால், மின்னூட்டம் உள்ள இடங்களில் மட்டும் தூள் ஒட்டிக்கொள்ளும். அத்தூளைத் தாளுக்கு மாற்றிச் சூடேற்றினால் அது உருகிப் பதிந்து நிலையான நகலாகும்.

காப்புரிமைத் துறையில் பணியாற்றிய அனுபவத்தால், செயல்முறை முழுமை பெறும் வரை காத்திராமல் 1937 அக்டோபர் 18 அன்று முதல் விண்ணப்பத்தைக் கார்ல்சன் பதிவு செய்தார். பின்னரே அது நடைமுறையில் இயலும் என்பதைக் காட்டும் முயற்சியில் முழுமூச்சாக இறங்கினார். சமையலறை அடுப்பில் கந்தகத்தை உருக்கித் துத்தநாகத் தகடுகளில் பூசிப் பார்த்தார். கந்தகப் புகையின் நாற்றம் கட்டடம் எங்கும் பரவியது. ஒரு முறை தீயும் பற்றியது. இதனால் ஆய்வுகளை நியூயார்க்கின் குயீன்சு பகுதியில் உள்ள ஆஸ்டோரியாவில், மாமியாருக்குச் சொந்தமான வீட்டின் மாடியில் இருந்த ஓர் அறைக்கு மாற்றினார். அங்கு தமக்கு உதவியாக ஆஸ்திரியாவிலிருந்து வந்திருந்த ஓட்டோ கோர்னை என்ற இளம் இயற்பியலாளரைச் சொந்தச் செலவில் பணிக்கு அமர்த்தினார்.

முதல் நகல்

1938 அக்டோபர் 22 அன்று முதல் நகல் உருவானது. கோர்னை கந்தகம் பூசிய துத்தநாகத் தகடு ஒன்றை ஆயத்தம் செய்தார். நுண்ணோக்கிக்குப் பயன்படும் கண்ணாடித் துண்டொன்றில் அன்றைய நாளையும் ஆஸ்டோரியா என்ற இடப்பெயரையும் கருமையால் எழுதினார். அறையை இருட்டாக்கி, கந்தகப் பரப்பைத் துணியால் தேய்த்து மின்னூட்டம் ஏற்றினர். கண்ணாடித் துண்டை அதன் மேல் வைத்து, ஒளிமிக்க விளக்கின் கீழ்ச் சில நொடிகள் காட்டினர். பின்னர் கண்ணாடியை எடுத்துவிட்டு லைக்கோபோடியம் என்ற செடியின் வித்துத்தூளைத் தூவி, மிகுந்த தூளை மெல்ல ஊதி நீக்கினர். எழுதியிருந்த எழுத்துக்கள் தூளில் அப்படியே தெரிந்தன. மெழுகுத்தாளை அதன் மேல் அழுத்தித் தூளை எடுத்து, சூடுபடுத்தியபோது அது தாளில் நிலைத்தது. தற்செயலாக நேர்ந்ததன்று என்பதை உறுதி செய்ய மீண்டும் மீண்டும் செய்து பார்த்தனர்.

கார்ல்சனுக்கு இது பெருமகிழ்ச்சி அளித்தது. கோர்னைக்கோ இதில் எதிர்காலம் இருப்பதாகத் தோன்றவில்லை. வருங்கால வருவாயில் 10 விழுக்காடு தமக்குக் கிடைக்கும் என்ற ஒப்பந்தத்தைத் தாமே முறித்துக்கொண்டு ஓராண்டுக்குள் நட்புடன் விலகினார். பல ஆண்டுகளுக்குப் பின் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பங்குகள் உயர்ந்தபோது, கார்ல்சன் எந்தக் கடமையும் இல்லாத நிலையிலும் 100 பங்குகளைக் கோர்னைக்கு அன்பளிப்பாக அனுப்பினார்.

காப்புரிமைகளும் மறுப்புகளும்

கார்ல்சன் தம் கண்டுபிடிப்புக்கு மின்னொளிப்படவியல் என்று பெயரிட்டார். இதற்கான அடிப்படைக் காப்புரிமை 2,297,691 என்ற எண்ணுடன் 1942 அக்டோபர் 6 அன்று வழங்கப்பட்டது. இதற்கு முன் 1940 நவம்பரில் தொடர்புடைய மற்றொரு காப்புரிமையும் வழங்கப்பட்டிருந்தது. குறிப்பிட்ட ஒரு கருவியை மட்டுமன்றி, மின்னூட்டம் ஏற்றுதல், ஒளி காட்டுதல், தூளால் உருவாக்குதல் என்ற முறையையே பாதுகாக்கும் வகையில் விண்ணப்பங்கள் எழுதப்பட்டிருந்தன. தனியொருவருடைய கண்டுபிடிப்பு பிற்காலத்தில் பெரிய நிறுவனங்களிடையே மதிப்பு இழக்காமல் நின்றதற்கு இது ஒரு முதன்மைக் காரணமாகும்.

ஆனால் காப்புரிமை இருந்தும் அதனை வாங்க ஆளில்லை. 1939க்கும் 1944க்கும் இடையில் 20க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அவரைத் திருப்பி அனுப்பின. ஐபிஎம், கோடாக், ஜெனரல் எலக்ட்ரிக், ஆர்சிஏ ஆகியவை அவற்றுள் அடங்கும். அமெரிக்கப் படைத்துறையின் தொடர்புப் பிரிவும் ஆர்வம் காட்டவில்லை. கார்ல்சன் காட்டியது ஒரு சிறு தகடும், தேய்க்கும் துணியும், மங்கலான ஓர் உருவமும் மட்டுமே. கரிப்படித் தாள் மலிவாகக் கிடைக்கும்போது இத்தகைய கருவி எதற்கு என்பதே பலருடைய எண்ணமாக இருந்தது. இப்போராட்டத்தின்போது அவருடைய சேமிப்பு கரைந்தது. மண வாழ்க்கையும் தளர்ந்து 1945இல் மணமுறிவில் முடிந்தது. 1946இல் டோரிஸ் ஹட்ஜின்ஸ் என்பவரை மணந்தார்.

பட்டெல், ஹாலாய்டு நிறுவனங்கள்

1944இல் ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ் நகரில் உள்ள பட்டெல் நினைவு நிறுவனத்தைச் சேர்ந்த ரசல் டேட்டன் என்ற பொறியாளர், வேறொரு காப்புரிமைப் பணிக்காக மல்லோரி நிறுவனத்துக்கு வந்தார். பட்டெல் இலாப நோக்கற்ற ஆய்வு நிறுவனம் ஆகும். பேச்சுவாக்கில் கார்ல்சன் தம் கண்டுபிடிப்பை அவரிடம் விளக்கினார். டேட்டன் அதன் மதிப்பை உணர்ந்தார். அவ்வாண்டிலேயே பட்டெல் நிறுவனம் கார்ல்சனுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு ஆய்வைத் தொடர்ந்தது. வருவாயில் 40 விழுக்காடு கார்ல்சனுக்கு உரியது என முடிவாயிற்று.

பட்டெல் ஆய்வாளர்கள் ரோலண்ட் ஷாஃபர்ட் தலைமையில் மூன்று முக்கியமான மேம்பாடுகளைச் செய்தனர். கந்தகத்துக்குப் பதிலாக, அதைவிடப் பன்மடங்கு ஒளியுணர்வு மிக்க செலீனியத்தைப் பயன்படுத்தினர். துணியால் தேய்ப்பதற்குப் பதிலாக உயர் மின்னழுத்தக் கம்பியைக் கொண்டு சீராக மின்னூட்டம் ஏற்றினர். வித்துத்தூளுக்குப் பதிலாக, எளிதில் உருகும் கருநிறப் பிசின் தூளையும் அதனைச் சுமந்து செல்லும் மணிகளையும் உருவாக்கினர். டோனர் என்று இன்று வழங்கப்படும் மைத்தூளின் தொடக்கம் இதுவே.

நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் ஹாலாய்டு என்ற சிறிய நிறுவனம் ஒளிப்படத் தாள்களைத் தயாரித்து வந்தது. அதே நகரில் இருந்த கோடாக் என்ற பெருநிறுவனத்தின் நிழலில் அதன் வளர்ச்சி தடைப்பட்டிருந்தது. அதன் ஆய்வுத் தலைவர் ஜான் டெசவர் இக்கண்டுபிடிப்பைப் பற்றிய கட்டுரைச் சுருக்கம் ஒன்றைப் படித்து, நிறுவனத் தலைவர் ஜோசப் வில்சனின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1946 இறுதியில் ஹாலாய்டு உரிம ஒப்பந்தம் செய்துகொண்டது. 1947க்கும் 1960க்கும் இடையில் ஏறத்தாழ 7.5 கோடி டாலரை இந்நிறுவனம் இத்தொழில்நுட்பத்தில் செலவிட்டது. இது அக்காலத்தில் அது ஈட்டிய வருமானத்தைவிட மிகுதி. எனவே கடன் பெற்றும் பங்குகள் வெளியிட்டும் நிதி திரட்ட வேண்டியதாயிற்று.

மின்னொளிப்படவியல் என்ற பெயர் நீளமாக இருப்பதாகக் கருதியதால், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிரேக்க மொழிப் பேராசிரியர் ஒருவர் கூறிய ஜெரோகிராஃபி என்ற பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டது. கிரேக்க மொழியில் உலர்ந்த என்றும் எழுத்து என்றும் பொருள்படும் இரு சொற்களின் சேர்க்கை இது. ஈரமான வேதிக்கரைசல்கள் எதுவும் தேவைப்படாததை இப்பெயர் சுட்டியது. இதிலிருந்தே ஜெராக்ஸ் என்ற வணிகப் பெயரை ஹாலாய்டு உருவாக்கியது. முதல் நகல் உருவாகிச் சரியாகப் பத்தாண்டுகள் நிறைந்த 1948 அக்டோபர் 22 அன்று, டெட்ராய்ட் நகரில் நடந்த அமெரிக்க ஒளியியல் கழகக் கூட்டத்தில் இத்தொழில்நுட்பம் முதன்முறையாகப் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது.

ஜெராக்ஸ் 914

1949இல் வெளிவந்த முதல் இயந்திரம் மாடல் ஏ எனப்பட்டது. ஒரு நகல் எடுக்க 39 செயல்களைக் கையால் செய்ய வேண்டியிருந்ததால் அலுவலகங்களில் அது வெற்றி பெறவில்லை. ஆயினும் ஆஃப்செட் அச்சுக்கான தகடுகளை உருவாக்க அது பயன்பட்டமையால் நிறுவனம் ஓரளவு வருவாய் பெற்றது.

1955இல் ஹாலாய்டு 50,000 பங்குகளை வழங்கிப் பட்டெல்லிடம் இருந்த காப்புரிமைகளின் முழு உரிமையையும் பெற்றது. 1958இல் அதன் பெயர் ஹாலாய்டு ஜெராக்ஸ் என்றும், 1961இல் ஜெராக்ஸ் என்றும் மாறியது. இதற்கிடையில் தானியங்கி இயந்திரத்தின் உருவாக்கம் நடைபெற்று வந்தது. அதனைத் தயாரிக்கும் வாய்ப்பு ஐபிஎம் நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டபோது, சந்தை மிகச் சிறியதாக இருக்கும் என்ற ஆலோசனையின் பேரில் அது மறுத்துவிட்டது. எனவே ஹாலாய்டு தானே தயாரிக்க முடிவு செய்தது.

1959 செப்டம்பர் 16 அன்று நியூயார்க்கில் ஜெராக்ஸ் 914 அறிமுகமானது. 9 அங்குல அகலமும் 14 அங்குல நீளமும் கொண்ட தாள் வரை நகலெடுக்க வல்லது என்பதால் இவ்வெண் சூட்டப்பட்டது. அதன் எடை ஏறத்தாழ 294 கிலோகிராம். காட்சிக்கு வைத்த இரண்டு இயந்திரங்களில் ஒன்று தீப்பற்றியது. மற்றது நன்கு இயங்கியது. சாதாரண வெள்ளைத் தாளில், பொத்தானை அழுத்தியவுடன் நகல் கிடைத்தது. விலை மிகுதி என்பதால் இயந்திரத்தை மாதம் 95 டாலர் வாடகைக்குக் கொடுத்து, 2,000 நகல்களுக்கு மேல் எடுப்பவற்றுக்கு மட்டும் தனிக்கட்டணம் பெறும் முறையை வில்சன் கொண்டுவந்தார். எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு நகல்களை அலுவலகங்கள் எடுத்தன. நிறுவனத்தின் வருவாய் 1961இல் ஏறத்தாழ 6 கோடி டாலராக இருந்து 1965இல் 50 கோடி டாலரைத் தாண்டியது.

அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி ஒரு காப்புரிமை வழங்கப்பட்ட நாளிலிருந்து 17 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். கார்ல்சனின் அடிப்படைக் காப்புரிமைக்குரிய காலம் 1959 அக்டோபர் 6 அன்று, அதாவது 914 அறிமுகமாகி 20 நாள்களில் முடிந்தது. பாதுகாப்புக் காலம் முழுவதும் ஆளைத் தேடுவதிலும் இயந்திரத்தை உருவாக்குவதிலுமே கழிந்துவிட்டது. தனியாள் கண்டுபிடிப்பாளர்கள் பலர் இந்நிலையில் வெறுங்கையுடன் நின்றதுண்டு. கார்ல்சனைக் காப்பாற்றியவை இரண்டு. ஒன்று, செலீனியம் முதலான பிற்கால மேம்பாடுகளுக்குப் பெறப்பட்டிருந்த தனிக் காப்புரிமைகள் போட்டியாளர்களைப் பல ஆண்டுகள் தடுத்தன. மற்றொன்று, தம் உரிமையை மொத்தமாக விற்றுவிடாமல் பங்குகளாகவும், 1965 வரை உலகில் எடுக்கப்பட்ட ஒவ்வொரு ஜெராக்ஸ் நகலுக்கும் ஒரு சென்டில் பதினாறில் ஒரு பகுதியாகவும் அவர் பெற்று வந்தார்.

அறப்பணிகள்

கார்ல்சன் கூச்ச இயல்பும் அமைதியும் உடையவர். ஹாலாய்டு நிறுவனத்தின் ஆலோசகராகப் பணியாற்றியபோதும் உயர்பதவியை நாடவில்லை. ராச்செஸ்டருக்கு அருகில் எளிய வீட்டில் வாழ்ந்தார். அமெரிக்காவின் பெருஞ்செல்வர்கள் பட்டியலில் ஒரு வணிக இதழ் 1968இல் தம் பெயரைச் சேர்த்தபோது, அது பிழை என்றும் தம் சொத்து அந்த அளவில் இல்லை என்றும் அவ்விதழுக்கு எழுதினார். அவர் ஈட்டிய ஏறத்தாழ 15 கோடி டாலரில் 10 கோடிக்கும் மேல் அப்போது கொடுத்து முடித்திருந்தார். ஏழையாக இறப்பதே தமக்கு எஞ்சியுள்ள ஆசை என்று மனைவியிடம் கூறியதாக அறியப்படுகிறது.

பல்கலைக்கழகங்கள், கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரி நிதி, குடியுரிமை இயக்கங்கள், உலக அமைதிக்கான அமைப்புகள் ஆகியவை அவரிடமிருந்து உதவி பெற்றன. பல நன்கொடைகளைப் பெயர் குறிப்பிடாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் வழங்கினார். நிறவேறுபாடு இன்றி அனைவரும் குடியிருக்க வேண்டும் என்பதற்காகவே அடுக்குமாடிக் கட்டடங்களை வாங்கினார்.

மனைவி டோரிசின் ஈடுபாட்டால் வேதாந்தத்திலும் ஜென் பௌத்தத்திலும் அவருக்கு ஆர்வம் ஏற்பட்டது. ராச்செஸ்டர் ஜென் மையத்தின் தொடக்கத்துக்கு இருவரும் உதவினர். மறுபிறப்பு குறித்த கூற்றுகளை ஆராய இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பயணம் செய்த வர்ஜீனியா பல்கலைக்கழக மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சனின் ஆய்வுகளுக்கும் கார்ல்சன் நிதி வழங்கினார். அப்பல்கலைக்கழகத்துக்கு 10 இலட்சம் டாலரை உயிலில் எழுதி வைத்தார்.

மறைவு

1968 செப்டம்பர் 19 அன்று நியூயார்க் நகரில் ஒரு கூட்டத்தில் கலந்துகொண்ட பின், கிடைத்த ஓய்வு நேரத்தில் திரையரங்கு ஒன்றுக்குச் சென்ற கார்ல்சன், இருக்கையில் அமர்ந்தபடியே மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 62. அவர் நினைவாக நடந்த கூட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அவையின் அன்றைய பொதுச்செயலாளர் ஊ தாண்ட் இரங்கல் செய்தி அனுப்பினார். உடன் பழகியவர்களில் பலரும் அவருடைய கொடைகளின் அளவை அவர் இறந்த பின்னரே அறிந்தனர்.

தாக்கம்

ஜெரோகிராஃபிக்கு முன் ஓர் ஆவணத்தைப் பெருக்குவது அச்சகத்தையோ தட்டச்சரையோ சார்ந்திருந்தது. அதன் பின் ஆவணம் கையில் உள்ள எவரும் அதனைப் பெருக்க முடிந்தது. வியட்நாம் போர் குறித்த பென்டகன் ஆவணங்களை டேனியல் எல்ஸ்பெர்க் நகலெடுத்து, அவை 1971இல் நாளிதழ்களில் வெளிவந்தது இதற்கு எடுத்துக்காட்டாகும். சோவியத் ஒன்றியத்தில் நகல் இயந்திரங்கள் கடுமையான கண்காணிப்பில் வைக்கப்பட்டிருந்தமைக்கும் இதுவே காரணம்.

1975இல் அமெரிக்க வணிக ஆணையத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஜெராக்ஸ் தன் காப்புரிமைகளைப் போட்டியாளர்களுக்கும் உரிமம் வழங்க வேண்டியதாயிற்று. அதன் பின் ஜப்பானிய நிறுவனங்களின் சிறிய, மலிவான இயந்திரங்கள் உலகெங்கும் பரவின. ஜெராக்ஸ் பொறியாளர் கேரி ஸ்டார்க்வெதர் உருவாக்கிய லேசர் அச்சுப்பொறியும் கார்ல்சனின் முறையையே அடிப்படையாகக் கொண்டது. அதில் ஆவணத்திலிருந்து வரும் ஒளிக்குப் பதிலாகக் கணினி கட்டுப்படுத்தும் லேசர் கதிர் உருளையில் உருவத்தை வரைகிறது. மற்ற படிகள் பெரும்பாலும் 1938இல் ஆஸ்டோரியாவில் செய்தவையே.

இந்தியாவில் 1983இல் மோடி ஜெராக்ஸ் என்ற கூட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. தமிழில் நகல், ஒளிநகல், ஒளிப்படி போன்ற சொற்கள் இருந்தாலும், எந்த நிறுவனத்தின் இயந்திரத்தில் எடுத்தாலும் பேச்சு வழக்கில் ஜெராக்ஸ் என்றே கூறுகின்றனர். கல்லூரி வாயில்களிலும் வட்டாட்சியர் அலுவலகங்களின் அருகிலும் உள்ள கடைகளின் பெயர்ப்பலகைகளிலும் இச்சொல்லே இடம்பெறுகிறது. தன் வணிகப் பெயர் பொதுச்சொல்லாக மாறுவதைத் தடுக்க அந்நிறுவனம் பல ஆண்டுகள் விளம்பரம் செய்து வந்தது.

நினைவேற்றல்

1981இல் அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் அவையில் கார்ல்சனின் பெயர் சேர்க்கப்பட்டது. முதல் நகலின் 50ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி 1988இல் அமெரிக்க அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த 21 சென்ட் அஞ்சல் தலையை வெளியிட்டது. அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாளை அவருக்கான சிறப்பு நாளாக அமெரிக்க நாடாளுமன்றம் அறிவித்தது. ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தின் படிமவியல் மையமும் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அறிவியல், பொறியியல் நூலகமும் அவர் பெயரைத் தாங்கியுள்ளன. நூல்களை வாங்க இயலாமல் நூலகத்தில் அமர்ந்து கையால் படியெடுத்த ஒருவரின் பெயர் ஒரு நூலகத்துக்குச் சூட்டப்பட்டது குறிப்பிடத்தக்கது.